கூறைப்புடவையைக் கேட்ட மகனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நான் கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்திருப்பாய்; நான் பேசாமல் இருந்தால் கோபம் என்று எடுத்துக்கொள்வது சின்ன வயதிலிருந்தே உன் வழக்கம். கோபம் இல்லையப்பா. பயம். இந்த வயதில் இதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். பேச்சில் சொல்ல வராத எதையும் எழுதிப் பார்ப்பது பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குப் பழக்கம். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். பொறுமையாகப் படி.

"அம்மா, உன் கூறைப்புடவையை என்கிட்ட குடுத்துடேன், பெட்டியிலேயே கிடந்தா வீணாப்போயிடும்" என்று நீ கேட்டாய். உன் குரலில் இருந்தது ஆசைதான், பேராசை இல்லை. எனக்குப் புரிந்தது. உன் வீட்டில் ஓர் அறையையே பழைய உடைகளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாய். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தின் லுங்கிகள், கை புடைத்த ரவிக்கைகள், யாரோ ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு எல்லாவற்றையும் நான் வந்தபோது ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாய். பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினாய். பழைய துணி சேர்க்கிற பித்து இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று உன் அப்பா கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அது என் அத்தையிடமிருந்து வந்தது. அத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு பகல் பொழுதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பகலைத்தான் இத்தனை வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அவள் வீட்டுக்காரருக்கு மகாபலிபுரத்தில் கலங்கரை விளக்கத்தில் வேலை. கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. துணி சேர்ப்பவளுக்கு அதைவிட மோசமான இடம் கிடைக்காது. உப்புக்காற்று பட்டால் ஜரிகை கறுத்துவிடும், ஈரத்தில் பட்டு முறுகிவிடும். ஆனாலும் அத்தை பிஸ்கட் தகர டப்பாக்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் வசம்பும் வேப்பிலையும் போட்டு அத்தனையையும் காப்பாற்றினாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணைப் பார்க்க மாட்டாள், பெண்ணின் பெரியம்மா என்ன கட்டியிருக்கிறாள் என்று பார்ப்பாள். "ஒன் மாம்பழக் கலர் சேல இன்னும் கீதாடி? கிழிஞ்சா தூக்கிப் போட்டுடாத, எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பு" என்பாள். சொந்தக்காரர்கள் அவளுக்குப் பழந்துணி அத்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டார்கள். அவளும் ஏன் என்று திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் பழைய பட்டுப்புடவைகளை வாங்கிக்கொண்டு போக ஓர் ஆள் தெருத்தெருவாக வருவான். வாங்கியதை எரித்துச் சாம்பலிலிருந்து ஜரிகையின் வெள்ளியை எடுப்பார்கள். அவன் மூட்டையோடு அத்தை வீட்டைத் தாண்டிப் போய்விட முடியாது. "இன்னா அண்ணாத்த, இன்னிக்கி எத்தினி பேர் கல்யாணத்த எரிக்கப் போற?" என்று வழி மறிப்பாள். "எரிச்சாத்தாம்மா வெள்ளி. நீ மூட்ட கட்டி வச்சிகினு இன்னா பண்ணப் போற? மீனுக்குக் கட்டி வுடுவியா?" என்பான் அவன். அத்தை உள்ளே போய் ஒரு பித்தளைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு மூட்டையிலிருந்து ஒரு புடவையை உருவிக்கொள்வாள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "சோறு வடிக்க ஏனம் இல்ல, ஆனா சோறு போட்டவ சேல கீது நம்ம வூட்ல." விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டிகளைத் திறக்கும் நாளுக்காக நான் காத்திருப்பேன். நான் எதையாவது படித்துக்கொண்டே இருக்கிற பெண். கடலை மடித்த காகிதத்தைக்கூட விட மாட்டேன். அத்தை ஒரு துணியைத் தொட்டுப் பார்த்து, இது எவ்வளவு காலம் பெட்டியில் இருந்தது, கட்டியவள் குள்ளமா உயரமா, எந்தத் தோளில் பிள்ளையைத் தூக்கினாள் என்றெல்லாம் சொல்வாள். எனக்கு அவளும் ஒரு புத்தகம் படிக்கிறாள் என்றே தோன்றும்.

ஒன்றை மட்டும் அத்தை யாரிடமும் கேட்டதில்லை. கூறைப்புடவை. உனக்குத் துணியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும், ஆனால் இது தெரியுமோ தெரியாதோ. மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுப்பது, தாலி ஏறும்போது கட்டுவது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் குடும்பத்தில் அதைப் பெண்ணுக்குக் கட்டிவிடுகிறவள் நாத்தனார். புருஷன் இருக்கும்போதே அந்தப் பெண் போய்விட்டால், கடைசியாக அதே புடவையைக் கட்டிவிட வேண்டியவளும் அதே நாத்தனார். முதல் பாதி எனக்கு அப்போதே தெரியும். இரண்டாம் பாதியிலும் கட்டிவிடுகிறவள் அத்தைதான் என்பது அந்தப் பகலில்தான் தெரிந்தது.

நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். என் அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. நான் ஒரே பெண். எனக்கு அப்புறம் பிறந்த ஒரு குழந்தை பிரசவத்திலேயே போய்விட்டது. அந்தத் தடவை அம்மாவும் மயிரிழையில் பிழைத்தாள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ரொம்ப வருஷம் கழித்து அம்மா மறுபடி உண்டானாள். வீட்டில் யாரும் சந்தோஷமாகப் பேசவில்லை. அப்பா கோர்ட்டிலிருந்து வந்ததும் முதலில் சமையலறைப் பக்கம் காது கொடுப்பார், வளையல் சத்தம் கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். அது எனக்குத் தெரிந்தது என்று அவருக்குத் தெரியாது.

மாசம் நெருங்கிவிட்ட ஒரு நாள், பட்டுகளை வெயில் காட்டுவதற்காக அம்மா பெட்டியோடு வெளியே எடுத்தாள். பட்டை நேர் வெயிலில் போட மாட்டார்கள். நிழலும் வெளிச்சமும் கலந்த இடத்தில் விரித்து, மடிப்பை மாற்றி மடிப்பார்கள். எதிர்வீட்டு மரகதம் அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் தூணுக்கு அந்தப் பக்கம் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்ட அந்தக் கூறையை மடிக்கும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மரகதம், இத மேலாக்க வெக்கிறேன். எங்க கீதுன்னு பாத்துக்கோ."

"எதுக்குக்கா?"

"எனக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா அவுரு தேடிகினு நிப்பாரு. அவுருக்கு ஒரு துண்டுகூட எங்க கீதுன்னு தெரியாது."

"வாயக் கழுவுக்கா! நல்ல நாளும் அதுவுமா, பேச்சப் பாரு!" என்று மரகதம் அக்கா அதட்டினாள். ஆனால் அதட்டிவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். அதுதான் என்னை ஆட்டிவிட்டது. அம்மா சொன்னது பயத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் எட்டிப் பார்த்தாளே!

அப்போது எங்களுக்குப் பள்ளியில் க்ஷேத்திர கணிதம், இப்போது வடிவியல் என்கிறார்களே அது, ஆரம்பித்திருந்தார்கள். கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, ஆகவே என்று எதையும் மூன்று வரியில் முடித்துவிடலாம் என்பதில் எனக்குப் பெரிய மயக்கம் இருந்தது. அன்று இரவு தூங்காமல் ஒரு நிரூபணம் போட்டேன். அம்மா போவதென்றால் கூறை வேண்டும். கூறை வீட்டில் இல்லை. ஆகவே அம்மா போக முடியாது. அதில் ஓட்டை எங்கே என்று எவ்வளவு தேடியும் எனக்குத் தெரியவில்லை. கூறையை எங்கே வைப்பது என்பதற்கும் பதில் தயாராக இருந்தது. அத்தையிடம் போன துணி எதுவும் திரும்பி வந்ததில்லை.

காலையில் பையிலிருந்த புத்தகங்களை அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் கூறையை எடுத்துப் பைக்குள் திணித்தேன். பட்டு அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் தெருவில் திரும்பாமல் நேராகப் பஸ்ஸுக்குப் போனேன். கண்டக்டருக்கு என்னைத் தெரியும், விடுமுறையில் அப்பாவோடு போகிறவள்தானே. "இன்னா பாப்பா, இஸ்கூலு கீது, நீ தனியா கெளம்பிட்ட?" என்றார். "அத்த வூட்ல குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றேன். அதில் பாதி உண்மை என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் யார் இருமினாலும் என்னைத்தான் கேட்கப் போகிறார்கள் என்று பயம். உப்பங்கழி வந்தபோதுதான் மூச்சு விட்டேன். இனி அம்மா பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக இருந்த நேரம் வேறு இல்லை.

அத்தை வாசலில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். "அடி என் ராசாத்தி! யார்கூட வந்த? அப்பன் எங்க?" என்று எழுந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பையிலிருந்து கூறையை உருவி இரண்டு கையாலும் நீட்டினேன்.

நீயே நினைத்துப் பார். தம்பி பெண்டாட்டிக்கு மாசம் நெருங்கிவிட்டது, போன தடவை பிழைத்ததே பெரிது. அவளுடைய ஒரே பெண் பள்ளிக்கூடம் இருக்கிற நாளில், தனியாக, அழுதுகொண்டு, தாயின் கூறையை எடுத்துவந்து நாத்தனார் கையில் கொடுக்கிறது. அத்தை முறத்தைப் போட்டாள். அந்தப் புடவையைத் தொடாமலேயே அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "போயிட்டியாடி என் கண்ணு! ஒன்னக் கட்டி அனுப்பவாடி நான் கீறேன்!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

இப்போது என் நிலையையும் நினைத்துப் பார். துணியைப் பார்த்தே கட்டியவளைப் பற்றிச் சொல்கிறவள் அத்தை. அவள் என் அம்மாவின் புடவையைப் பார்த்தாள், அம்மா போய்விட்டாள் என்கிறாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா கிணற்றடியில் பாடிக்கொண்டிருந்தாளே என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் விழுந்து புரண்டு அழுதேன். என் அழுகையைப் பார்த்து அத்தைக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அவள் அழுகையைப் பார்த்து எனக்கும். பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண்கள் ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமாதான் வந்து சத்தத்தை நிறுத்தினார். "யாரு வந்து சொன்னது? தந்தி வந்துச்சா?"

"எதுக்குத் தந்தி? இதோ பொண்ணே கூறைய எடுத்துகினு வந்து நிக்கிதே!" என்றாள் அத்தை.

மாமா என் எதிரில் குந்தினார். "பாப்பா, அம்மாவுக்கு இன்னா ஆச்சி?"

"தெரியாது மாமா. அத்தைதான் பாத்துச் சொன்னாங்க."

"அம்மா குடுத்தனுப்புச்சா இத?"

"இல்ல மாமா. நானேதான் எடுத்துகினு வந்தேன். இது வூட்ல இல்லன்னா அம்மா சாவாது."

அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டு, "அடப் பாவி மக்கா, உசுரோட கீறவளுக்கா ஒப்பாரி வச்சோம்!" என்று தரையில் துப்பினாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அத்தை முகம் முன்னைவிட வெளுத்துவிட்டது. உயிரோடு இருக்கிறவளுக்கு அழுதுவிட்டால் அது பலித்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். தன் வாயால் சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாதே என்ற பயம் அத்தையின் கண்ணில் தெரிந்தது. அவள் கூறையை எடுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, கால் கழுவக்கூட நிற்காமல், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

திரும்பி வந்த வழி முழுவதும் அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. மனிதர்கள் வெளியே நிற்கிற ஒவ்வொரு வீட்டையும் பஸ்ஸிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். எங்கள் தெருவில் நுழைந்தபோது எங்கள் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அப்பா கோர்ட்டுக்குப் போன கோட்டோடு நின்றார். அத்தையின் கை என் மணிக்கட்டில் இறுகியது. அந்த இடத்தில் அன்றைக்கு விழுந்த வளையல் தடத்தைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய், இப்போதும் என்னால் விரலை வைத்துக் காட்ட முடியும்.

அம்மா உயிரோடுதான் இருந்தாள். நான் போன கொஞ்ச நேரத்தில் வலி எடுத்துவிட்டது. பிரசவத்துக்குப் பழைய துணி எடுக்க மரகதம் அக்கா பெட்டியைத் திறந்திருக்கிறாள். மேலாக வைத்த கூறை அங்கே இல்லை என்பதைப் படுத்திருந்த அம்மா பார்த்துவிட்டாள். அதை யாரோ எடுத்துத் தயாராக வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். "நர்சம்மா இன்னா சொன்னாங்க? எங்கிட்ட ஏன் மறைக்கிறீங்க? யாரு எடுத்தீங்க அத?" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் போகாமல் இருக்க நான் செய்த காரியம், அவளுக்கு அவள் சாவைக் கண்ணில் காட்டிவிட்டது. பிரசவம் பார்க்க வந்திருந்த நர்சம்மா, "இப்படிப் பயந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அத்தை என்னை வாசலில் விட்டுவிட்டு நேராக உள்ளே போனாள். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பின்னாலிருந்து பார்த்தேன். குரலில் அழுகை இல்லை. "இந்தாடி ஒன் சேல! ஒம் பொண்ணு இத எங்கிட்ட தள்ளிட்டுப் போலாம்னு பஸ் ஏறி வந்துட்டா. நான் பழந்துணிக்காரிதான், அதுக்குன்னு இந்த ஜரிகையவா வாங்குவேன்? எந்தம்பி அப்பவே ஏமாந்துட்டான், இத அந்துப்பூச்சிகூடத் திங்காது!" அப்புறம் வலிக்கு நடுவே அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "இத எடுத்தது அவளா? அவளா எடுத்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உன் மாமா பிறந்தான்.

என் அம்மா அப்புறம் நிறைய வருஷம் இருந்தாள், உனக்கே அவளை ஞாபகம் இருக்கும். அத்தை மறுபடி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பட்டுப் பெட்டி இருக்கிற அறைக்குள் மட்டும் நுழைய மாட்டாள். எல்லோரும் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பயம் எனக்குள் தங்கிவிட்டது. என் கல்யாணத்தில் கூறையைக் கட்டியபோது பெருமையாக இருந்தது. அவிழ்த்து மடித்ததும் அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. பெட்டியின் அடியில் போட்டேன். வருஷா வருஷம் மற்ற பட்டுகளையெல்லாம் எடுத்து வெயில் காட்டி மடிப்பு மாற்றுவேன், அதை மட்டும் தொட மாட்டேன். தொட்டால் அழைத்தமாதிரி ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. படித்தவள்தான், பேத்திக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவள்தான்.

நேற்று எடுத்தேன். நீ கேட்டாய் என்பதற்காக எடுத்தேன். மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருக்கிறது, ராஜா. பூச்சி அரிக்கவில்லை, ஈரம் படவில்லை. ஒரே மடிப்பில் இத்தனை வருஷம் கிடந்ததால் ஜரிகை முறிந்து, பட்டு வரிவரியாகக் கிழிந்துவிட்டது. பெட்டியில் கிடந்தால் வீணாகிவிடும் என்று நீ சொன்னது சரி. நான் பயந்தே அதைக் கெடுத்துவிட்டேன். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரு வீட்டில் போய்ப் பழைய புடவையைக் கேட்கும்போது, முதல் வார்த்தையாகப் புடவையைக் கேட்காதே. கட்டியவள் உயிரோடு இருந்தால் அவள் பக்கத்தில் உட்கார், அவள் கொடுக்கிற காபியைக் குடி, அவள் உடம்பைப் பற்றிக் கேள். உனக்கு அது துணி. அவளுக்கு அதில் என்ன மடிந்து கிடக்கிறது என்று உனக்குத் தெரியாது.

கட்டிலில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா உள்ளே வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எதற்கும் அசையாத மனிதர் என்று நீ நினைக்கிறாயே, அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு இப்ப இத எடுத்த? ஒடம்புக்கு இன்னா?" என்றார். ஒன்றுமில்லை, பையன் கேட்டான் என்றேன். அவர் வந்து கிழிந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். காஞ்சிபுரத்தில் தன் அம்மாவோடு போய் அவரே பொறுக்கிய புடவை அது. இதை முப்பது வருஷத்துக்கு முன் என்னிடம் சொல்லியிருந்தால் புடவையைக் கொஞ்சம் சீராட்டியிருப்பேன், நேற்றுத்தான் சொல்கிறார். அப்புறம், "இத அவனுக்குக் குடுத்துட்டா, அப்பால ஒனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கா? அன்னிக்கிக் கொடியில எது காஞ்சிகினு கீதோ அத எடுத்துக் கட்டச் சொல்லுங்க" என்றேன். அவர் புடவையின் மறுமுனையைக் கையில் எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து, கிழிசல் இல்லாத இடமாகப் பார்த்து, அதை வேறு மடிப்பில் மடித்தோம். அவருக்கு மடிக்கத் தெரியவில்லை, மூன்று தடவை பிரித்தோம்.

அதனால், வா. வந்து எடுத்துக்கொண்டு போ. அப்பா வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வா, அவர் கையால் கொடுக்கட்டும். நீ அதைத் தூக்கும்போது நான் பயப்படுவேன். முகத்திலும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் அம்மா, நீயே வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா